பொருள்: நொக்அவுட் கிண்ணம் – தமிழில் என்ன?

வெள்ளவத்தையிலிருந்து:
வணக்கம். அமெச்சூர் றக்பி கழகங்களின் மாகாணக் கிண்ணத்துக்கான (நொக்அவுட், அதாவது ஒருமுறை தோற்றால் வெளியே) விதித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். கழகங்கள் 11. ஆட்ட அட்டவணை 16 இடத்துக்கு. ஆகவே 5 கழகங்களுக்கு ‘பை’, அதாவது முதற்சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்று. மற்ற 6 கழகங்களும் முதற்சுற்றில் 3 ஆட்டம் ஆடும், வெல்லும் மூன்றோடு காலிறுதிக்கு 8 வரும். உதைபந்தாட்ட நோட்டீசுகளில் வரும் ‘விலகல் முறை’ என்பதையே போடலாமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து:
வேண்டாம் தம்பி. விலகு தன்வினை. தோற்ற கழகம் தானாக விலகுவதில்லை. அதே தாளில் ‘குறித்த நேரத்துக்கு வராத கழகம் விலகியதாகக் கொள்ளப்படும்’ என்று எழுதத்தானே போகிறீர்கள்? ஒரே சொல் இரண்டு வேலை செய்தால் முறைப்பாட்டு விசாரணையில் வில்லங்கம். பிறவினையாக ‘விலக்கல் முறை’ என்க.

தெஹிவளையிலிருந்து:
அண்ணை, விலக்கு என்றால் வரிவிலக்குத்தான் சனத்துக்கு நினைவில் வரும். அந்தப் பொருள் ‘பை’க்குத்தான் அச்சொட்டு: அந்தச் சுற்றில் ஆடாமலே மேலே போவது. ‘சுற்றுவிலக்கு’ என்று அதற்கு வைப்போம். தோற்றவனுக்கும் ஆடாமல் முன்னேறுபவனுக்கும் ஒரே வேர்ச்சொல் கூடாது. ‘வெளியேற்றல்’ சிவப்பு அட்டைக்குப் போய்விட்டது, ‘வீழ்த்தல்’ பந்து வைத்திருப்பவரைப் பிடித்துச் சாய்க்கும் டெக்கிளுக்கு. ‘தட்டி’ என்று தொடங்கினால் பந்தைக் கையால் முன்னே தட்டும் நொக்ஒன் தவறோடு குழம்பும்.

வத்தளையிலிருந்து:
விலகு, விலக்கு, விலக்கல் எல்லாம் ஒரே குடும்பம். அந்த வேரைக் கைவிடக்கூடாது. இன்னொன்றும் சொல்கிறேன்: பழந்தமிழ்ப் போர்ப்பாடல் இலக்கணத்தில், வலிமை ஒன்றே பொருளாக நேருக்குநேர் மோதுவது தும்பைத்திணை. ‘தும்பைக் கிண்ணம்’ எவ்வளவு அழகு!

கொட்டாஞ்சேனையிலிருந்து:
அழகுதான் ஐயா. ஆனால் தும்பையில் தொகைநிலை என்றொரு துறை (உட்பிரிவு) உண்டு; இரு வேந்தரும் சுற்றத்தோடு மடிவது. இங்கே ஒருவர் மிஞ்சியே ஆகவேணும்.

தெஹிவளையிலிருந்து:
அந்த ‘மிஞ்சியே ஆகவேணும்’ தான் விதித்தாளின் உயிர். எல்லாரும் எல்லாரோடும் ஆடும் லீக்கில் சமநிலை என்றால் புள்ளியைப் பங்கிடலாம், இங்கே முடியாது. 80 நிமிடத்தில் சமமானால் என்ன செய்வது என்பதை வரிசையாக எழுதுங்கள்: 10 நிமிடப்படி இரு பாதி மேலதிக நேரம், பிறகும் சமம் என்றால் ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைப்பது) கூட வைத்த கழகம், அதுவும் சமம் என்றால் கொன்வேர்ஷன் (ட்ரைக்குப் பின் கிடைக்கும் உதை) எண்ணிக்கை. வரிசை எழுதாமல் விட்டால் ஒரு பக்கம் ட்ரையை எண்ணும், மறுபக்கம் பெனால்டியை எண்ணும். பெயர் எதுவானாலும் முதற்பந்தியில் ‘தோற்ற கழகம் அத்துடன் வெளியேறும்’ என்ற வசனம் இருக்கட்டும்.

வெள்ளவத்தையிலிருந்து:
நன்றி. தலைப்பில் ‘நொக்அவுட் கிண்ணம்’, முதற்பந்தியில் அந்த வசனம், பைக்குச் சுற்றுவிலக்கு. மூவர் சரி என்கிறார்கள், நாளை அனுப்புகிறேன்.

வத்தளையிலிருந்து:
நான் சம்மதிக்கவில்லை. றகரம் மொழிமுதலில் வராது, ரகரமும் வராது. ‘இரக்பி’ என்றாவது திருத்துங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
‘விலக்கல் முறை’யை அடைப்புக்குறிக்குள்ளாவது போடலாமே, தம்பி?