இருட்டில் கழற்ற முடியுமா?

நான்: அத்தை, பாப்பாவின் பிறந்தநாளுக்கு நீங்கள் கொடுத்த ‘நம்பர் த ஸ்டார்ஸ்’ புத்தகத்தை நேற்று ராத்திரிதான் பிரித்துப் பார்த்தேன். ஹிட்லர் காலத்துக் கதையாக இருக்கிறதே. அவளுக்குப் பத்து வயசுதான் ஆகிறது. இதெல்லாம் இப்போதே வேண்டுமா என்று பயமாக இருக்கிறது.

அத்தை: கதை வதைமுகாமுக்குள் போகாது கண்ணு. 1943, ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன். ஆன்மேரிக்கும் பத்து வயசு. தோழி எல்லன் யூதப் பெண். இறந்துபோன மூத்த மகள் லீசேதான் இவள் என்று சொல்லி ஆன்மேரி வீட்டார் எல்லனைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். நடுராத்திரியில் ஜெர்மன் சிப்பாய்கள் வந்துவிடுகிறார்கள்.

அத்தை: எல்லன் கழுத்தில் யூதர்களின் நட்சத்திரம் கோத்த சங்கிலி. அவசரத்தில் கொக்கி கழலவில்லை. ஆன்மேரி வெடுக்கென்று அறுத்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்கிறாள். அவர்கள் போன பிறகு கையை விரித்தால், தோலில் நட்சத்திரம் பதிந்திருக்கிறது.

தம்பி: அக்கா, எனக்கே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பெரியப்பா: கதை சரி. நிஜமாகவே அப்படிக் காப்பாற்றினார்களா?

அத்தை: காப்பாற்றினார்கள் அண்ணா. யூதர்களைப் பிடிக்கப்போகிறார்கள் என்று டுக்விட்ஸ் என்ற ஜெர்மன் அதிகாரியே முன்கூட்டித் தகவல் கொடுத்துவிட்டார். செப்டம்பர் 29 காலை, தொழுகைக்கு வந்தவர்களிடம் யூத மதகுரு மெல்கியோர், உடனே போய் ஒளிந்துகொள்ளுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார். அக்டோபர் 1 இரவு வீடு வீடாகத் தேடியபோது பெரும்பாலோர் அங்கே இல்லை. 7,000 பேருக்கு மேல் மீன்பிடிப் படகுகளில் சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள்.

பெரியப்பா: மீன்பிடிப் படகிலா! பிடிபட்டால் மீனவனுக்கும் ஆபத்துதானே.

அத்தை: ஆமாம் அண்ணா. எல்லாரும் தப்பவும் இல்லை. கில்லலாய் என்ற கடலோர ஊரில், சர்ச் பரணில் ஒளிந்திருந்த சுமார் 80 பேரைப் பிடித்துவிட்டார்கள். டென்மார்க்கிலிருந்து 470 பேர் வரை தெரசியன்ஸ்டாட் என்ற நாஜி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பாப்பா கேட்டால் இதை மறைக்காதே.

தம்பி: கதையில் மோப்ப நாயை ஏமாற்ற ஒரு கைக்குட்டை வருகிறதே, அதுவும் உண்மையா அத்தை? பாப்பாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

அத்தை: உண்மைதான். படகுகளை மோப்ப நாய் வைத்துச் சோதித்தார்கள். முயலின் காய்ந்த ரத்தத்தையும் கோக்கெய்னையும் துணியில் தடவி வைத்தால், முகர்ந்த நாய்க்குக் கொஞ்ச நேரம் வாசனையே தெரியாது. கதையில் அதைக் கூடையில் வைத்துக் கொண்டுபோகிறவள் ஆன்மேரி. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பயத்தை அடக்க, சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதையைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காட்டுப்பாதையில் ஓடுகிறாள். நான் அழுத இடம் அது.

நான்: அவளிடம் யாரும் முழுசாகச் சொல்லவில்லையா?

அத்தை: அவளுடைய மாமா வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தால் தைரியமாக இருப்பது கஷ்டம் என்று நினைக்கிறார். முதலில் ஒரு பொய்கூடச் சொல்கிறார். ஆனால் அவள் நேரடியாகக் கேட்கும்போது அதை ஒப்புக்கொண்டு, தாங்குகிற அளவுக்குச் சொல்கிறார். அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான்: சரி அத்தை. தனியாக விடாமல் நானும் கூட உட்கார்ந்து படிக்கிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

*மறுநாள் இரவு*

நான்: அத்தை, சங்கிலி அறுக்கிற இடம் வந்துவிட்டது. பாப்பா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் சங்கிலியின் கொக்கியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். அப்புறம், “இதை இருட்டில் கழற்ற முடியுமா அம்மா?” என்று கேட்டு, எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.

அத்தை: முடிந்ததா?

நான்: முடியவில்லை அத்தை.