பாம்பன் பாலத்து இறக்கத்துல நியூட்ரல்: ஒரு சொட்டு பெட்ரோல் சண்டை

மண்டபம் பட்டறை:
எரிச்சல்லதான் எழுதுறேன். நேத்து டாக்ஸி வாட்ஸ்அப் குழுவுல தங்கச்சிமடம் அண்ணன் ஒரு குரல் பதிவு போட்டிருக்காரு. "பாலத்து உச்சியில நியூட்ரல் போட்ருங்க, பாம்பன் பக்கம் இறங்கி முடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்ல." இன்னைக்குக் காலைல லைசென்ஸ் எடுத்து ஆறு மாசம் ஆகாத தம்பி ஒருத்தன் பட்டறைக்கு வந்து "நானும் அப்படித்தாண்ணே ஓட்டுறேன்"ங்கிறான். முன் சக்கரத்துல பிரேக் பேடு தேஞ்சு இரும்பு தெரியுது. டிஸ்க்ல விரலை வச்சா வரி வரியா தட்டுப்படுது. இதுக்கு யார் பொறுப்பு?

கார்புரேட்டர் காலம் போயி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, சக்கரமே இன்ஜினைச் சுத்தும். வண்டிக் கம்ப்யூட்டர் பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டரை மூடிரும். ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்துற கணக்கு) 1,500, 1,200 பக்கம் இறங்குற வரைக்கும் நிஜமாவே ஒரு சொட்டு போகாது. நியூட்ரல்ல இன்ஜின் அணையாம இருக்கணும்ல? அதுக்குக் குடிச்சுத்தான் ஆகணும்.

தங்கச்சிமடம் டாக்ஸி:
என் பேரை இழுத்ததால வந்தேன். 24 வருஷமா அந்தப் பாலத்துல ஏறி இறங்குறேன். அம்பாசிடர் டீசல்ல ஆரம்பிச்சு இன்னைக்கு நாலாவது வண்டி. கிளட்ச், கியர் எதுவும் போனதில்ல. நியூட்ரல்ல இறங்கும்போது மீட்டர்ல மைலேஜ் கோடு முழுசா நிக்கிது, கண்ணால பார்க்கிறேன். முழுசா நின்னா செலவில்லன்னுதானே அர்த்தம்? ஒரு சொட்டு இல்லன்னா இல்லதான்.

மண்டபம் பட்டறை:
அந்தக் கோடு எதுவரைக்கும் போகும்ணே? உங்க வண்டியில 30 வரைக்கும்தான் இருக்கு, நான்தானே சர்வீஸ் பார்த்தேன். 30-க்கு மேல எது வந்தாலும் முழுசாத்தான் காட்டும். சின்ன பெட்ரோல் வண்டி சும்மா நின்னு ஓடினாலே மணிக்கு முக்கால் லிட்டர் பக்கம் குடிக்கும். 60-ல உருண்டா லிட்டருக்கு 80 கிலோமீட்டர் கணக்கு வருது. 80 வேற, செலவே இல்லங்கிறது வேற. வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் மாட்டி அதே இறக்கத்துல ஓட்டிப் பார்த்தேன். நாலாவது கியர்ல காலை எடுத்ததும் இன்ஜெக்டர் ரீடிங் சைபர். நியூட்ரலுக்குத் தள்ளுன உடனே ரீடிங் எந்திரிச்சிருச்சு. சொட்டு சொட்டா போகுதுண்ணே.

தொண்டி ஈசிஆர்:
ரெண்டு பேரும் பாதிதான் சொல்றீங்க. கியர்ல விட்டா பெட்ரோல் போகாது, சரி. ஆனா இன்ஜின் இழுத்துப் பிடிச்சு வேகம் குறையுமே? பாம்பன் இறக்கம் என்ன கொடைக்கானல் மலையா? லேசான சரிவு. 60-ல இருந்து 40-க்கு வந்துட்டா மறுபடி ஆக்சிலேட்டர் மிதிக்கணும். அப்பப் போறது பெட்ரோல் இல்லையா? நியூட்ரல்ல அதே 60-ல உருண்டுக்கிட்டே போகலாம். நிறுத்தணும்னா கியர் நல்லது, தூரம் போகணும்னா நியூட்ரல்தான் மிச்சம்.

தங்கச்சிமடம் டாக்ஸி:
அப்படிச் சொல்லு தம்பி! படிச்ச பிள்ளை பேசுது.

மண்டபம் பட்டறை:
தொண்டி தம்பி, காகிதத்துல உங்க கணக்கு சரி. அந்தப் பாலத்துல யாராவது ஒரே வேகத்துல உருண்டு போக முடியுமா? 2025 ஏப்ரல்ல புது ரயில் பாலம் திறந்ததுல இருந்து பாதி வண்டி நடுப் பாலத்துல நிக்கிது. தூக்குப் பாலத்தைப் பார்க்கணும்னு கதவைத் திறந்து பிள்ளையோட இறங்குறாங்க. எதிர்ல மீன் வண்டி, பெட்டியில இருந்து ஐஸ் தண்ணி ஒழுகி ரோடு நனைஞ்சு கிடக்கு. பக்கவாட்டுல காத்து. பழைய ரயில் பாலத்துல காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டுனா ரயிலையே நிறுத்துனாங்க. அந்தக் காத்துல உங்க வண்டி நியூட்ரல்ல மிதந்து வரும்போது திடீர்னு விலகணும்னா எந்த கியரைத் தேடுவீங்க? காலுக்கு அடியில பிரேக் மட்டும்தான் மிச்சம்.

பரமக்குடி பாண்டி:
ஒரு பாலத்து இறக்கத்துலயா அண்ணே பேடு தேஞ்சு இரும்பு தெரியும்? பட்டறைக்காரங்க பில்லு போடுறதுக்குச் சொல்ற கதை மாதிரி இருக்கே.

மண்டபம் பட்டறை:
பாலத்துல மட்டும்னு நான் எங்க சொன்னேன்? பழக்கம்னு ஆயிட்டா உச்சிப்புளி ஸ்பீடு பிரேக்கர், செக்போஸ்ட், ரயில்வே கேட் எல்லாத்துக்கும் 200 மீட்டர் முன்னாடியே நியூட்ரல்தான். அப்புறம் நிறுத்துற வேலை முழுக்க பேடுக்குத்தானே? பில்லுன்னு சொன்னதைத் திருப்பி வாங்கிக்கிங்க. பழைய பேடை வண்டிக்காரன் கையில கொடுத்துத்தான் புதுசு மாட்டுறேன், எல்லா வண்டிக்கும்.

தங்கச்சிமடம் டாக்ஸி:
பரமக்குடிக்காரங்களுக்குப் பாலத்தைப் பத்தி என்ன தெரியும்? வைகை மணல்ல ஓட்டுறவங்க.

பரமக்குடி பாண்டி:
வைகையை இழுக்காதீங்க. மாசம் மூணு தடவை ராமேஸ்வரத்துக்கு லோடு அடிக்கிறேன். 1914-ல கட்டுன பாலத்துல உங்களுக்கு மட்டும்தான் பட்டா இருக்கா?

தங்கச்சிமடம் டாக்ஸி:
1914 ரயில் பாலம் அப்பு. நாம ஓட்டுறது 1988-ல ராஜீவ் காந்தி திறந்த ரோட்டுப் பாலம். இதுவே தெரியல, நியூட்ரல் பேச வந்துட்டாரு.

கீழக்கரை மரைக்காயர்:
காக்காமாரே, ஒரு சந்தேகம். என்னோடது ஆட்டோமேட்டிக். சிக்னல்ல, இறக்கத்துல 'என்'ல (நியூட்ரல்ல) போடலாமா?

மண்டபம் பட்டறை:
ஓடும்போது போடவே போடாதீங்க பாய். உள்ள ஆயில் பம்பு இன்ஜின் வேகத்துலதான் சுத்தும். ஐடில்ல அழுத்தம் கம்மி, சக்கரப் பக்கத்து உருப்படியெல்லாம் வேகமா சுத்தும், ஆயில் பத்தாம தேஞ்சிரும். 'டி'யிலயே விடுங்க, காலை எடுத்தா அதுவே பெட்ரோலை நிறுத்திக்கும்.

தங்கச்சிமடம் அண்ணனுக்கு இன்னொண்ணு. உங்க ஸ்டாண்டுல சில பேர் இறக்கத்துல சாவியையே அணைச்சிட்டு இறங்குறாங்க. இன்ஜின் நின்னா, பிரேக் மிதியை லேசாக்குற பூஸ்டர்ல மிச்சம் இருக்குற வாக்குவத்துல ரெண்டு மூணு மிதி நிக்கும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிரும். பவர் ஸ்டியரிங்கும் போயிரும். சாவியை உருவிட்டா ஸ்டியரிங் லாக்கே விழுந்துரும். அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவரு, அதுக்குக் கீழ கடல்.

தங்கச்சிமடம் டாக்ஸி:
சாவி அணைக்கிறது தப்பு, நான் ஒருநாளும் செஞ்சதில்ல. அதையும் நியூட்ரலையும் ஒண்ணா கட்டாத. இன்ஜின் ஓடும்போது பூஸ்டர் வேலை செய்யுதுல்ல? அப்ப என்ன ஆபத்து?

மண்டபம் பட்டறை:
பூஸ்டர் வேலை செய்யுது, ஏன்னா இன்ஜின் ஓடுது. இன்ஜின் ஓடுது, ஏன்னா பெட்ரோல் குடிக்குது. நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

தங்கச்சிமடம் டாக்ஸி:
எதையும் ஒத்துக்கல. அந்த ஒரு நிமிஷ இறக்கத்துக்கு எவ்வளவு குடிக்கும், சொல்லேன்.

மண்டபம் பட்டறை:
12 மில்லி. ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல.

தங்கச்சிமடம் டாக்ஸி:
ஒரு ரூபாய்க்கா இத்தனை பேர் மத்தியில என்னை நிக்க வச்ச?

மண்டபம் பட்டறை:
மிச்சம்னு ஆரம்பிச்சது நான் இல்லண்ணே. அந்த ஒரு ரூபாய் மிச்சம் ஆகும்னு நம்பித்தான் அந்தத் தம்பி பிரேக்கைத் தேச்சுக்கிட்டு வந்தான். வண்டியில அவங்க அம்மாவும் இருந்தாங்க.

தொண்டி ஈசிஆர்:
நான் சொன்ன வேகக் கணக்குக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

மண்டபம் பட்டறை:
சொல்லிட்டேன். அஞ்சாவது கியர்ல விடுங்க, இழுவை கம்மியா இருக்கும். தேவைன்னா லேசா மிதிங்க. கையில கியர் இருக்கும், காலுக்குக் கீழ இன்ஜின் இருக்கும்.

தொண்டி ஈசிஆர்:
மிதிச்சா பெட்ரோல் போகும்னுதான் நானும் சொல்றேன்!

தங்கச்சிமடம் டாக்ஸி:
இவன் எப்பவும் இப்படித்தான். போன வருஷம் உப்புக்காத்துக்கு அடிப்பகுதி பூச்சு அடிக்கணும்னு எல்லாரையும் பயமுறுத்தினான்.

மண்டபம் பட்டறை:
பயமுறுத்தினேனா? தனுஷ்கோடி ரோட்டுல தினம் போற வண்டி, பூச்சு வேணாம்னீங்க. ஆடி மாசம் சைலன்சர் ஓட்டையாகி சத்தத்தோட என் பட்டறை வாசல்ல வந்து நின்னது எந்த வண்டி? தேதி சொல்லவா?

தங்கச்சிமடம் டாக்ஸி:
சைலன்சருக்கும் நியூட்ரலுக்கும் என்னப்பு சம்பந்தம்?

பரமக்குடி பாண்டி:
வைகையைப் பத்திச் சொன்னதுக்கு முதல்ல பதில் வரட்டும்.

மண்டபம் பட்டறை:
நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் பாலத்து மண்டபம் முனையில ஸ்கேனரோட நிக்கிறேன். உங்க வண்டியிலயே மாட்டுறேன்ணே.

தங்கச்சிமடம் டாக்ஸி:
ஆறு மணிக்கு எனக்கு ராம்நாடு ஸ்டேஷன் சவாரி. போகும்போது ஏறுவேன், திரும்பும்போது பாம்பன் பக்கம் இறங்குவேன். நியூட்ரல்லதான்.