குழல் வாசிச்சா விரல் மரத்துப் போகுது: பொறுத்துக்கணுமா, நிறுத்தணுமா?

புதுக்குழல்: மேற்கத்திய வெள்ளிக்குழல் கத்துக்கறேன். இடது ஆள்காட்டி விரல் அடியில குழல் பதியற இடம் மரத்துப் போகுது. கழுத்தும் ஒரு பக்கமா இழுக்குது. சாதகம் (பயிற்சி) கூடக் கூட சரியாயிடும்னு ஆசிரியர் சொல்றார். அப்படித்தானா?

அடிநாதம்: ஆசிரியர் சொல்றதுதான் சரி. நோகாம வித்தை வருமா? ஜெர்மனியில ஹோலே ஃபெல்ஸ் குகையில கழுகு எலும்புல செஞ்ச குழல் கிடைச்சுது, வயசு 35,000 வருஷத்துக்கு மேல. அவங்கல்லாம் எந்த பிசியோதெரபிஸ்ட் கிட்ட போனாங்க? இப்போ லேசா சுருக்னு குத்தினாலே கூகுள் பண்ண ஆரம்பிச்சுடறோம்.

மூச்சுக்காரன்: ஐயா, அந்த எலும்புக் குழல் கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம். அதை நுனியில வாய் வச்சு ஊதினாங்க, பக்கவாட்டுல தூக்கிப் பிடிக்கல. இவங்க வாசிக்கறது ஜெர்மன் குழல் வித்வான் தியோபால்ட் பேம் 1847ல உருவாக்கின வடிவத்தோட வாரிசு. அவர் கைக்கு வசதியான இடத்துல துளை போடல, சுருதி கேட்ட இடத்துல போட்டார். விரல் எட்டாத துளைக்குச் சாவி, அதாவது அழுத்தினா துளையை மூடற மூடி, வச்சார். அதனால ஸ்வரம் சுத்தமாச்சு, ஆனா 400 கிராமுக்கு மேல கனமுள்ள குழாயை ரெண்டு கையும் வலது பக்கமா தூக்கி நிக்க வேண்டியிருக்கு. அந்தப் பாரத்துல ஒரு பங்கை இடது ஆள்காட்டி விரலோட அடிதான் தாங்குது. விரலோரமா ஓடற நரம்பு குழலுக்கும் எலும்புக்கும் நடுவுல நசுங்கறதுதான் இந்த மரப்பு. பலம் போதாத குறை இல்ல இது. சாதகம் கூடினா நசுங்கறதும் கூடும்.

அடிநாதம்: அப்போ அசுர சாதகம் பண்ணின பெரியவங்கல்லாம் முட்டாள்களா?

தனி_ஆவர்த்தனம்: அவங்க கண்ணை மூடிட்டு ஒரே பிடியில வாசிக்கலையே. புல்லாங்குழல் மேதை மாலி (டி.ஆர். மகாலிங்கம்) கர்நாடகக் குழல்ல விரல் வைக்கிற முறையையே மாத்தினவர்.

அடிநாதம்: அவர் மாத்தினது கமகத்துக்காக, ஸ்வரத்தை அசைச்சு இழைக்கறதுக்காக. வலிக்குதுன்னு இல்ல. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

தனி_ஆவர்த்தனம்: சரி, அது நியாயம். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனை எடுத்துக்கங்க. வலது கை விரல் பேச்சைக் கேட்காமப் போய், பியானோ மேடைக் கனவை விட்டார். விரலைப் பலப்படுத்த ஒரு கருவியை மாட்டிப் பழகினதுதான் காரணம்னு ஒரு சாரார் சொல்றாங்க. பொறுத்துக்கிட்டா தானா சரியாகும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அடிநாதம்: ஆரம்பத்துல எல்லாருக்கும் உதடு துவளும், தலை சுத்தும். அதுக்கெல்லாம் பயந்தா குழலை எடுக்கவே முடியாது.

மூச்சுக்காரன்: அதுல எனக்கும் மறுப்பில்ல. உதடு அசர்றது தசைச் சோர்வு, ஓய்வு கொடுத்தா தீரும். தலை சுத்தறது காத்தை அள்ளி அள்ளி ஊதி ரத்தத்துல கரியமிலவாயு குறையறதால. உட்கார்ந்து நிதானமா மூச்சு விட்டா தெளிஞ்சிடும். மரப்பு அந்த வகையறா இல்ல, வாசிச்சு முடிச்ச பிறகும் நின்னா டாக்டரைப் பார்க்கணும். புதுக்குழல், கழுத்தை மட்டும் திருப்பாம இடுப்புலேர்ந்து உடம்பைத் திருப்பி நில்லுங்க. குழலைத் தேடி முகம் போகக் கூடாது, முகத்துக்குத்தான் குழல் வரணும். விரல் பதியற இடத்துல மெத்தை மாதிரி ஒரு உறை மாட்டலாம். இடது மோதிர விரல் சாவியை நேர்வரிசையிலேர்ந்து கொஞ்சம் விலக்கி, விரலுக்கு எட்டற மாதிரி வச்ச குழல்களும் இருக்கு, சின்னக் கைக்கு அது பெரிய உதவி. (கீச்சுன்னு ஒலிக்கற சின்னக் குழல் பிக்கோலோ பக்கம் போனீங்கன்னா வலது காதையும் கவனிங்க. அது தனி ரகளை.)

புதுக்குழல்: கண்ணாடி முன்னாடி திரும்பி நின்னு பார்த்தேன். கழுத்து இழுக்கல. விரல் மரப்பு மட்டும் அப்படியே இருக்கு.

அடிநாதம்: உறை மாட்டிப் பாருங்கம்மா, அதுல தப்பில்ல. சாதக நேரத்தை மட்டும் குறைச்சுடாதீங்க.

மூச்சுக்காரன்: குறைக்கத்தான் சொல்றேன். மரப்பு போற வரைக்கும் குழலைக் கீழ வச்சுட்டு, பாட்டை வாயால பாடிப் பழகுங்க.

அடிநாதம்: வாயால பாடினா விரல் எப்படி ஓடும்?