87உம் 174உம் ஒரே வேகமா? காதில் பூ சுற்றாதீர்கள்

தாளம்தப்பாதவன்:
இரவுக்குயில் போன வாரம் ஒரு மணி நேரப் புதுப்பாட்டுத் தொகுப்பு போட்டாரே, எல்லா வகையும் கலந்தது என்று. கேட்டேன். டப், ஆஃப்ரோபீட்ஸ், ஆம்பியன்ட், ஹவுஸ் என்று கலவை மோசமில்லை. ஆனால் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "17ஆம் நிமிடத்தில் 87 பிபிஎம் ஹிப் ஹாப்பிலிருந்து 174 பிபிஎம் டிரம் அண்ட் பேஸுக்குத் தாவுகிறேன், இரண்டும் ஒரே வேகம்தான்." நிமிடத்துக்கு 87 தட்டும் 174 தட்டும் எப்படி ஐயா ஒரே வேகம்? கணக்கு தெரிந்த யாராவது சொல்லுங்கள்.

இரவுக்குயில்:
பன்னிரண்டு பாட்டு பரிந்துரைத்தேன். அதில் ஒன்றைப் பற்றியும் பேச்சில்லை, ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். 174ஐ இரண்டிரண்டாக எண்ணினால் 87. தலையாட்டுகிற வேகம் மாறவே இல்லை. அதைத்தான் ஒரே வேகம் என்றேன்.

சும்மாகேட்பவன்:
அந்த 17ஆம் நிமிடப் பாட்டின் பேர் என்ன? நன்றாக இருக்கிறது.

தாளம்தப்பாதவன்:
இரண்டிரண்டாக எண்ணினால் என் வயதும் பாதிதான், எண்ணிக்கொள்ளட்டுமா? நாலு தட்டு உள்ள ஒரு சுற்று 87இல் சுமார் 2.76 விநாடி. 174இல் 1.38. இது ஒரே வேகம் என்றால் நடப்பதும் ஓடுவதும் ஒன்று.

பழையரேடியோ:
இசைத்தட்டு காலத்தில் 33க்கு வெட்டிய தட்டைத் தவறுதலாக 45இல் ஓட்டினாலே பாடகர் குழந்தையாகிவிடுவார். அதுவே 1.35 மடங்குதான். இரண்டு மடங்கை ஒரே வேகம் என்கிறீர்கள். இந்தக் காலத்துக் காதுகள்!

மூன்றாம்காலம்:
இதில் சண்டை போட என்ன இருக்கிறது? ஆதி தாளத்தை ஒரே சீராகப் போட்டுக்கொண்டே முதல் காலம் பாடுகிறோம், அப்புறம் இரண்டாம் காலம். ஸ்வரம் இரட்டிக்கிறது, கை மாறுவதில்லை. இரவுக்குயில் சொல்வது அதுதான்.

தாளம்தப்பாதவன்:
நன்றி, என் கட்சிக்கே சாட்சி சொல்லிவிட்டீர்கள். கை மாறாததால்தானே அது "இரண்டாம்" காலம்? இரண்டும் ஒன்றென்றால் அதற்குத் தனிப் பேர் எதற்கு? ஒத்து ஊத வந்தவர் சுருதியைச் சரிபார்த்துக்கொண்டு வந்திருக்கலாம்.

மூன்றாம்காலம்:
ஒத்து ஊதுபவரை அவ்வளவு லேசாக நினைக்காதீர்கள். ஒரே ஒரு சுருதியை மூச்சு விடாமல் பிடித்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

இரவுக்குயில்:
ஹெட்போனை மாட்டிக்கொண்டு 16:40இலிருந்து மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். ஹிப் ஹாப்பின் கிக், அந்தப் பெரிய டிரம்மின் "தும்" அடி, முதலில் கழன்றுவிடும், ஹை-ஹாட் தாளத்தட்டின் ஓசை மட்டும் இருக்கும். அதற்கடியில் புதுப் பாட்டின் பேஸ் மெதுவாக எழும். நான்கு சுற்று கழித்துத்தான் டிரம்ஸ் கொட்டும். உங்கள் விரல் நிற்காது, தடுமாறாது. அந்த இடத்தைச் சேர்க்க எனக்கு மூன்று ராத்திரி ஆனது. பாட்டுகளைக் கலக்கும் மென்பொருளே அந்தப் பாட்டை 87 என்றுதான் காட்டுகிறது.

தாளம்தப்பாதவன்:
தட்டினேன். விரல் தடுமாறவில்லைதான். ஆனால் ஸ்னேர், அந்தச் சுள்ளென்ற டிரம் அடி, எங்கே விழுகிறது? ஹிப் ஹாப்பில் என் இரண்டாவது, நாலாவது தட்டின் மேல் விழுந்தது. டிரம்ஸ் வந்ததும் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் விழுகிறது! ஒரே வேகம் என்றால் ஸ்னேர் ஏன் இடம் மாறுகிறது? மென்பொருள் பாதியாகக் காட்டும், இரட்டையாகவும் காட்டும். அதற்கென்ன காதா இருக்கிறது?

சும்மாகேட்பவன்:
பாட்டின் பேர் ப்ளீஸ்.

கீழ்ச்சுருதி:
தாளம்தப்பாதவன் அண்ணே, சென்ற தொகுப்பில் நீங்கள் போட்ட டப்ஸ்டெப் பாட்டுக்கு என்ன எழுதினீர்கள் என்று பார்த்தேன். "140தான், ஆனால் உடம்புக்கு 70." அது மட்டும் எப்படி?

தாளம்தப்பாதவன்:
அது வேறு. டப்ஸ்டெப்பில் ஸ்னேர் மூன்றாவது தட்டில்தான் விழும், சுற்றுக்கு ஒரு தடவை. அதனால் பாதி வேகமாகத் தோன்றும். "தோன்றும்" என்றேன், "ஒன்று" என்று சொல்லவில்லை. டிரம் அண்ட் பேஸிலும் அப்படி ஸ்னேரை மூன்றில் வைத்துச் செய்பவர்கள் உண்டு. அதைப் போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இந்த வகையே வேகத்தை முடுக்கிப் பிறந்ததுதான். 1969இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் பதிவு ஒன்றில் கிரிகரி கோல்மன் வாசித்த சில விநாடி டிரம்ஸ், 140ஐக்கூடத் தொடாது. 90களில் ஜங்கிள் என்ற இதன் முன்னோடி இசையைச் செய்தவர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி 160க்கு மேல் விரட்டினார்கள். வேகம்தான் அதன் உயிர். அதைப் போய் 87 என்பதா?

இரவுக்குயில்:
அதே துண்டை ஹிப் ஹாப்காரர்கள் மெதுவாக்கிப் போட்டதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளை இணைத்தால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

பழையரேடியோ:
பிள்ளைகள் இருக்கட்டும். இத்தனை பேர் வெட்டி ஒட்டிய அந்தக் கோல்மனுக்கு ராயல்டி என்று ஒன்றுமே வரவில்லை, 2006இல் இறந்துபோனார். அதைப் பற்றி ஒருவரும் பேச மாட்டீர்கள். வெட்டி ஒட்டுவதற்குப் பேர் இசையா?

கீழ்ச்சுருதி:
ஆரம்பித்துவிட்டார். சாம்பிளிங் பற்றிப் பெரியவரிடம் பேசி எனக்குப் போன மாதமே போதும் போதும் என்றாகிவிட்டது.

பழையரேடியோ:
போன மாதம் பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார் தம்பி?

தாளம்தப்பாதவன்:
திசை திருப்பாதீர்கள். 87 வேறு, 174 வேறு. இதை ஒத்துக்கொண்டால் ஆயிற்று. மற்ற பதினொரு பாட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, நான் எங்கே இல்லை என்றேன்? 40ஆம் நிமிட ஆம்பியன்டுக்குத் தட்டே கிடையாது, அதனால்தான் அங்கே தப்பு விடவில்லை.

மூன்றாம்காலம்:
ஸ்னேர் இடம் மாறினால் அது நடைதானே, தட்டுக்குள் பிரிகிற பங்கு, வேகம் எப்படி மாறும் என்று இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தாளம்தப்பாதவன்:
நடையைப் பற்றி உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். நீளமாக.

சும்மாகேட்பவன்:
மூன்றாவது தடவை கேட்கிறேன். அந்த 17ஆம் நிமிடப் பாட்டு எது?

இரவுக்குயில்:
அவர் ஒரே வேகம் என்று ஒத்துக்கொள்ளட்டும், அப்புறம் பேர் சொல்கிறேன்.

தாளம்தப்பாதவன்:
பேர் எனக்கே தெரியும். சொல்ல மாட்டேன். 174.