ப்ராசஸர் 95 டிகிரி: தெர்மல் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் தடிப்பாக நிற்கிறது

ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் ஏஎம்டி ப்ராசஸர் உட்காரும் இடம்), 6 கோர், 65 வாட் ப்ராசஸர், 120 மி.மீ. ஃபேன் உள்ள டவர் கூலர். 3 வாரத்துக்கு முன் தூசி தட்டக் கூலரைக் கழற்றி மாட்டியதிலிருந்து இந்தத் தொல்லை. சும்மா இருக்கும்போதே 58 டிகிரி. லோடு கொடுத்தால் பத்தே நொடியில் 95, உடனே வேகம் 4.2-லிருந்து 3.1 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இருமுறை புதிதாகப் பேஸ்ட் (ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) வைத்தாயிற்று: முதலில் நடுவில் பட்டாணி அளவு, அடுத்து மெல்லிசாகப் பரப்பி. ஃபேன் 1,500 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது. பக்கவாட்டு மூடியைத் திறந்து வைத்தாலும் 2 டிகிரிதான் குறைகிறது, ஆக காற்றோட்டம் காரணமில்லை.

கழற்றிப் பார்த்தால் (சூடு ஆறுமுன் லேசாகத் திருகித்தான் எடுத்தேன், இல்லாவிட்டால் ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும்) ரேம் பக்கம் பேஸ்ட் தடிப்பாக, கிட்டத்தட்ட வைத்தபடியே இருக்கிறது. எதிர்ப்பக்கம் நசுங்கி உலோகமே தெரிகிறது. திருகுகளைக் குறுக்காக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத்தான் முடுக்கினேன். கூலரை 180 டிகிரி திருப்பி மாட்டியும் தடிப்பு அதே ரேம் பக்கம்தான். அதனால் கூலரின் அடிப்பாகம் கோணல் இல்லை. பின்தட்டு (மதர்போர்டுக்குப் பின்னால் கூலரின் திருகுகளைத் தாங்கும் தகடு) அல்லது ஸ்பேசர் (திருகுகளுக்கு இடைவெளி கொடுக்கும் சிறு துண்டு) மேல்தான் சந்தேகம்.

மதர்போர்டைக் கேஸிலிருந்து கழற்றாமல், பின்தட்டு சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?