பழைய பாலத்தை இறக்கிய கதை

இரணியல்காரன்:

நம் குழுவில் பாலம் கட்டிய அனுபவத்தைப் பலர் எழுதிவிட்டீர்கள். நான் சொல்லப்போவது ஒரு பாலத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்த கதை. பாலம் இருப்பது இங்கிலாந்தில், ஒரு மோட்டார்வேக்கு மேலே. அதை நான் நேரில் பார்த்ததே இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு டிசைன் அலுவலகத்திலும், வாரத்தில் பாதி நாள் இரணியல் வீட்டு மாடியிலும் உட்கார்ந்து, இரண்டு வருடம் அதன் வரைபடத்தோடு குடும்பம் நடத்தினேன்.

மோட்டார்வேயை நம் நான்குவழிச் சாலை மாதிரி நினைக்கக் கூடாது. சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் அங்கே இடமில்லை. ஆகவே குறுக்கே போகிற ஊர்ச்சாலைக்கெல்லாம் மேலேயோ கீழேயோ பாலம் வேண்டும். 1959இல் எம்-1 என்ற மோட்டார்வே திறந்ததிலிருந்து பத்திருபது வருடத்தில் இப்படிக் கட்டித் தள்ளினார்கள். எங்களிடம் வந்ததும் அந்தத் தலைமுறைக் கான்கிரீட் பாலம்தான். சாலையின் இரண்டு ஓரத்திலும் தூண், தூணிலிருந்து உள்ளே நீளும் கை, இரண்டு கைநுனிகளிலும் உட்கார்ந்திருக்கும் நடுத்துண்டு.

அந்த உட்காருமிடத்துக்கு ஹாஃப் ஜாயின்ட் என்று பெயர். தச்சர் இரண்டு மரத்தையும் பாதி கனத்துக்குச் செதுக்கி ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றுவாரே, அதேதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வழியில்லை. பனிக்காலத்தில் ரோட்டில் தூவுகிற உப்பு, தண்ணீரோடு அந்த இடுக்கில் இறங்கிக் கம்பியைத் தின்னும். 2006 செப்டம்பர் 30 அன்று கனடாவின் லாவல் நகரில், நெடுஞ்சாலைக்கு மேலே போன ஒரு பாலம் இப்படிப்பட்ட இணைப்பை ஒட்டிய இடத்தில் விட்டுப்போய் ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பிறகு ஹாஃப் ஜாயின்ட் என்றாலே எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

உப்பு நமக்குப் புதிதா என்ன? குளச்சல், முட்டம் பக்கம் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள், சன்ஷேடு கம்பி எப்படி வெளியே எட்டிப் பார்க்கும் என்று சொல்வார்கள். இங்கிலாந்தில் லாரியில் கொண்டுவந்து தூவுகிறார்கள், நமக்குக் கடல்காற்று சும்மாவே தருகிறது.

புதுப்பாலத்தில் ஜாயின்டும் வேண்டாம், பாலம் நீண்டு சுருங்க இடம் கொடுத்துத் தாங்கும் பேரிங்கும் வேண்டாம் என்று முடிவானது. சுமார் 60 மீட்டர் நீளம் வரை அங்கே அதுதான் வழக்கம். கர்டர் என்கிற இரும்பு உத்திரம், மேலே கான்கிரீட் தளம், இரண்டு முனையும் கரைச்சுவரோடு ஒரே உடம்பாகச் சேர்ந்துவிடும். வெயிலில் நீண்டால் சுவரும் சேர்ந்து பின்னால் மண்ணைத் தள்ளும், அதற்குத் தனிக் கணக்கு. ஓரத்துத் தூண்களையும் எடுத்துவிட்டோம், தடம் மாறி வரும் லாரி மோத அங்கே எதுவும் இருக்கக் கூடாது. தூண் போனால் ஸ்பான், அதாவது தாங்கலுக்குத் தாங்கல் உள்ள தூரம், நீளும், ஸ்பான் நீண்டால் கர்டர் கனக்கும். கீழே 5.3 மீட்டர் உயரம் விட்டே ஆக வேண்டும், ஆகவே மேலே ரோடு ஏறும். அரை மீட்டர் ஏறினாலே, இருபதுக்கு ஒன்று சரிவில் இரண்டு பக்கமும் பத்து பத்து மீட்டர் இழுக்கும்.

இதெல்லாம் முடித்து, படத்தைத் திரையில் வைத்துப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அப்பாவின் கூட்டாளி, கொத்தனார் மாமா, சாயா குடிக்க வந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“பழசு எங்கடே?”

“அத உடச்சிருவாங்க மாமா.”

“கீழ வண்டி ஓடுமில்லா, எப்ப உடைப்பாவ? மேல போற ஆளுவ அதுவரைக்கும் எங்கன போவும்?”

சிரித்துச் சமாளித்தேன். அடுத்த வாரக் கூட்டத்தில் ஒப்பந்தக்காரர் அச்சு அசலாக இதையே கேட்டார், இங்கிலீஷில். சரி, மறுபடி முதலிலிருந்து. புதுப்பாலத்தைப் பழைய இடத்திலேயே வைக்காமல் பக்கத்தில் நகர்த்தி, ரோட்டைக் கொஞ்சம் வளைத்தோம். புதியது திறக்கும்வரை பழையதில் ஊர் நடமாடும். பழைய தளத்துக்குள் ஓடிய கேஸ் குழாயையும் கேபிள்களையும் முதலில் மாற்ற வேண்டியிருந்தது. இடுக்குகளில் வவ்வால் இருக்கிறதா என்று ஆள் வைத்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் வவ்வாலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, இருந்திருந்தால் எங்கள் தேதியெல்லாம் அதன் சௌகரியத்துக்கு மாறியிருக்கும்.

அப்புறம் உடைப்பு. வெள்ளி இரவு மோட்டார்வேயை மூடி, திங்கள் விடியுமுன் திறக்க வேண்டும். நடுத்துண்டைத்தான் முதலில் இறக்க வேண்டும். கைக்கு எதிர் எடையாக இருக்கும் கரைப்பக்கத்துக் கனத்தை முதலில் உடைத்தால் கையைப் பிடித்து நிறுத்த ஆளில்லை, நடுத்துண்டோடு சேர்ந்து சாய்ந்துவிடும். ஒவ்வொரு துண்டு போனபிறகும் மீதி நிற்குமா என்று பார்த்த கணக்கு, புதுப்பாலத்துக்குப் போட்டதைவிட நீளம்.

தோவாளை சைட் இன்ஜினியர்:

அண்ணே, உங்களுக்கு வெள்ளியிலிருந்து திங்கள், எனக்குத் தண்ணீர். சானலுக்கு, அதாவது பாசனக் கால்வாய்க்கு, குறுக்கே ஒரு சின்னப் பாலத்தை மாற்றினேன். கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு ஜூன் மாதம் அணை திறப்பார்கள், அதற்குள் சானலுக்குள் எங்கள் வேலை முடிய வேண்டும். மே கடைசியில் கோடைமழை பிடித்துக்கொண்டது. கான்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் முட்டுகளைப் பிரிக்கும்போது வயல்காரர் ஒருவர் மண்வெட்டியோடு கரையில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை, நின்றார், அவ்வளவுதான். மூன்று நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது.

மார்த்தாண்டம் டீச்சர்:

நான் இன்ஜினியர் இல்லை. எங்கள் பக்கம் ஒரு பாலத்தை மாற்றுகிறோம் என்று இடித்தார்கள், மாற்றுப்பாதை என்று ஒரு அம்புக்குறி மட்டும் வைத்தார்கள். ஆட்டோக்காரர் சுற்று என்று கூடக் காசு கேட்டார், பிள்ளைகள் முதல் பீரியடு பாதியில் வந்தார்கள். 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. நகர்த்திக் கட்ட இடம் எங்கே இருக்கிறது?

இரணியல்காரன்:

டீச்சர், நியாயமான கேள்வி. இடமில்லாவிட்டால் தற்காலிகப் பாலம் ஒன்று போட வேண்டும், அல்லது பாதி அகலத்தை உடைத்துப் பாதியில் வண்டி விட வேண்டும். இரண்டும் செலவு. ஆனால் அதை விட்டால் அந்தச் செலவு உங்கள் ஆட்டோக்காரர் வழியாக உங்கள் தலையில்தான் விழும். மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் இரும்பில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். வேறிடத்தில் செய்த துண்டுகளைக் கொண்டுவந்து பூட்டினால், நெரிசலான சாலையை அடைத்து வைக்கும் நாள் குறையும்.

எங்கள் பாலம் ஒருவழியாக இறங்கியது. கீழே ரோடு கெடாமலிருக்க மணல் மெத்தை விரித்து, மேலே இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். திங்கள் காலை அனுப்பிய போட்டோவில் வண்டிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. மாமாவிடம் போனை நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“அந்த மணல என்ன செஞ்சாவ?”