நம்ம வீடு குழு: லாரி வர்றதுக்கு முன்னாடி

அக்கா (காலை 6:48):
வீடு மாத்தறதுக்கு லாரி 28ஆம் தேதி காலையில வருது, உறுதி ஆயிடுச்சு. 1ஆம் தேதி புது ஆபீஸ்ல சேரணும். சித்தப்பா, அத்தை, அண்ணி, அவங்கவங்களுக்குத் தெரிஞ்சதை இங்கயே போட்டுடுங்க. போன்ல சொன்னா இவர் பாதியை மறந்துடுவார்.

அத்தான்:
மீதிப் பாதி ஞாபகம் இருக்குமேனு சந்தோஷப்படு.

சித்தப்பா:
முதல்ல ஏ.சி. லாரி ஆளுங்களே கழட்டித் தர்றோம்பாங்க, விடாதீங்க மாப்பிள்ளை. கேஸை வெளி யூனிட்டுக்குள்ள இறக்கிட்டுதான் கழட்டணும். கூலிங்ல ஓடவிட்டு, ஒல்லி பைப் வால்வை ஆலன் கீயால மூடுவாங்க. கம்ப்ரஸர் கேஸை இழுத்து வெளி யூனிட்ல சேர்த்துக்கும். கேஸ் அழுத்தம் காட்டற கேஜ்ல முள் பூஜ்யத்துக்குக் கிட்ட வந்ததும் தடி பைப் வால்வை மூடி, அந்த நிமிஷமே கரன்ட்டை ஆஃப் பண்ணணும். மொத்தமே ரெண்டு மூணு நிமிஷ வேலைதான்.

தம்பி:
கூட அஞ்சு நிமிஷம் ஓடினா என்ன ஆகும்?

சித்தப்பா:
ஜாயின்ட் எங்கயாவது லூஸா இருந்தா வெளிக்காத்தை இழுத்துக்கும். சூடான கம்ப்ரஸருக்குள்ள எண்ணெயும் காத்தும் சேர்ந்து அழுந்தினா வெடிக்கக்கூட செய்யும். அதனால கேஜ் இல்லாம வர்ற ஆளை வாசலோட அனுப்பிடுங்க.

அத்தான்:
சரி மாமா. அங்க மாட்டும்போது என்ன பார்க்கணும்?

சித்தப்பா:
பைப்ல இருக்கற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சற வேக்யூம் பம்ப் கொண்டு வர்றாரானு போன்லயே கேட்டுடுங்க. கேஸை லேசா திறந்துவிட்டு பைப்ல இருக்கற காத்தைத் தள்ளிட்டாப் போதும்னு சொல்றவங்க இருக்காங்க. காத்து போனாலும் ஈரம் போகாது. ஈரம் எண்ணெயோட சேர்ந்து ஆசிட் ஆகி, கம்ப்ரஸர் காயிலை உள்ளயே அரிச்சுடும். அது தெரியறதுக்கு மாசக்கணக்காகும், அதுக்குள்ள மாட்டினவர் நம்பரை மாத்தியிருப்பார்.
பழைய பைப் நுனியை வெட்டிட்டு ஃப்ளேரை, அதாவது நட்டுக்குள்ள உக்கார்ற விரிச்ச நுனியை, புதுசா போடச் சொல்லுங்க. கேஸைத் திறந்ததும் நட்டு மேல சோப்பு நுரை தடவணும். குமிழி வந்தா லீக்.

அக்கா:
ஃப்ரிட்ஜ்?

சித்தப்பா:
முந்தின நாள் காலையிலயே ஆஃப் பண்ணி காலி பண்ணிடு. ஐஸ் கட்டற மாடல்னா முழுசா உருகணும். உன்னோடது ஃப்ராஸ்ட் ஃப்ரீ, பின்னாடி கம்ப்ரஸர் மேல ஒரு தட்டு இருக்கும், அதுல நிக்கற தண்ணியைத் துடைச்சு எடு. அதை விட்டுட்டா லாரியில பக்கத்துல இருக்கற மெத்தை நனைஞ்சுடும்.
நிமிர்த்தியே கொண்டு போகணும், படிக்கட்டுல சாய்ச்சாலும் 45 டிகிரிக்கு மேல வேண்டாம். படுக்க வெச்சா கம்ப்ரஸர் எண்ணெய் பைப்புக்குள்ள ஓடிடும். நின்னபடியே வந்து சேர்ந்தா நாலு மணி நேரம் விட்டு ஆன் பண்ணு. படுத்துக்கிட்டு வந்தா ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைக்கணும்.

அம்மா:
பெட்டி விஷயம் நான் சொல்றேன். புஸ்தகத்தைச் சின்னப் பெட்டியிலதான் போடணும், ஒரு பெட்டி 15 கிலோவைத் தாண்டக் கூடாது. பெரிய பெட்டி துணிக்கும் தலகாணிக்கும். தட்டை ஒண்ணு மேல ஒண்ணா படுக்க வைக்காதே, செங்குத்தா நிறுத்தி நடுவுல காகிதம் வை. படுக்க வெச்சா ஒரு குலுக்கலுக்கு அடித்தட்டுதான் முதல்ல விரியும்.
பெட்டி மேல பேர் எழுதாதே, அடுக்கினா தெரியாது. பெட்டியோட பக்கவாட்டுல எழுது. புது வீட்டுல எந்த ரூம்னு எழுது, இங்க எங்க இருந்ததுனு யாருக்கும் வேண்டாம். கூடவே ஒரு நம்பர். அந்த நம்பர்ல என்னென்ன இருக்குனு போன்ல வெச்சுக்கோ.

நான்:
லிஸ்ட் நான் போடறேன்மா. ஷீட் இப்பவே ஆரம்பிச்சு லிங்க் அனுப்பறேன்.

அம்மா:
கட்டிலைக் கழட்டினா அந்த போல்ட், நட்டு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு அந்தக் கட்டில் பலகையிலயே டேப் போட்டு ஒட்டணும். "எல்லா ஸ்குரூவும் ஒரே டப்பாவுல பத்திரமா இருக்கு"ங்கறது பத்திரமே இல்ல.

அத்தை:
சாமானை நீங்க பாத்துக்குவீங்க. நான் காகிதத்துக்கு வரேன். வேலையை விட்டு வெளிய வந்தப்புறம் வாங்க முடியாதது எதுவோ அதைத்தான் முதல்ல எடுக்கணும்.
சம்பள ரசீது, வரிப் பிடித்தக் கணக்கு எல்லாம் ஆபீஸ் போர்ட்டல்ல இருக்கு. கடைசி நாள் சாயங்காலமே லாகின் மூடிடும். இப்பவே இறக்கி சொந்த மெயிலுக்கு அனுப்பிடு. ஆபீஸ் கோப்பு ஒண்ணுகூட அதுல போகக் கூடாது, உன் பேர்ல இருக்கறது மட்டும். போர்ட்டல்ல தொடர்பு மெயில், வீட்டு முகவரி ரெண்டையும் மாத்து. ரிலீவிங் லெட்டர் அந்த மெயிலுக்குத்தான் வரும்.

அக்கா:
மாத்திட்டேன் அத்தை. ரிலீவிங் லெட்டர் கணக்கு முடிச்சப்புறம்தான் தருவாங்களாம்.

அத்தை:
தரட்டும். ஆனா ராஜினாமாவை ஏத்துக்கிட்டோம், கடைசி வேலை நாள் இதுன்னு ஒரு மெயில் இன்னிக்கே எழுதி வாங்கு. புது ஆபீஸ் கேட்டா அதைக் காட்டலாம். லேப்டாப், அடையாள அட்டை திருப்பிக் கொடுத்ததுக்கும் கையெழுத்து வாங்கிக்கோ. அது இல்லாமத்தான் பாதிப் பேரோட கணக்கு இழுத்துக்கிட்டே நிக்கும்.
இன்னொண்ணு, உன் சிம் யார் பேர்ல இருக்கு?

அக்கா:
ஆபீஸ் பேர்ல 😬

அத்தை:
நினைச்சேன். பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தானே வருது? கடைசி நாள் அவங்க நிறுத்திட்டா பணம் எடுக்கக்கூட வழியில்ல. நம்பரை உன் பேருக்கு மாத்தித் தரச் சொல்லி இன்னிக்கே எழுது, அதுக்கு நாளாகும். தரமாட்டோம்னா இந்த வாரமே பேங்க்ல வேற நம்பர் கொடுத்துடு. லாரியை ஒரு நாள் தள்ளிப் போடலாம், இதைத் தள்ளாதே.

அண்ணன்:
ஆபீஸ் போன்ல லாகின் கோடு காட்டற ஆத்தென்டிகேட்டர் ஆப் இருந்தா அதையும் பாரு. போனைத் திருப்பிக் கொடுத்தா கோடும் போயிடும். ஒவ்வொரு கணக்குக்கும் பேக்கப் கோடு எடுத்து காகிதத்துல எழுதி வை. புது போன்ல உள்ள போக முடியுதானு பாத்துட்டு, அப்புறம் பழசை அழி.

அத்தை:
ஆபீஸ் மருத்துவக் காப்பீடு கடைசி நாளோட முடிஞ்சுடும். புது ஆபீஸ்ல முதல் நாள்லேருந்து உண்டானு கேளு. குழந்தையையும் மாப்பிள்ளையையும் சேர்க்க ஒரு கெடு வெச்சிருப்பாங்க, அதைத் தாண்டினா அடுத்த வருஷப் புதுப்பிப்புதான்.
தம்பி, உனக்கும்தான். முதல் வேலை, எங்க காட்டினாலும் கையெழுத்துப் போடாதே. தகுதிகாண் காலம் எவ்வளவு, அதுக்குள்ள விலகினா எத்தனை நாள் நோட்டீஸ், இத்தனை வருஷம் விலகமாட்டேன்னு எழுதி வாங்கற பாண்ட் இருக்கா, மூணையும் படி. சான்றிதழ் அசலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. நகல் போதும்.

தம்பி:
வாங்கி வெச்சுக்கறதுதான் வழக்கம்னா?

அத்தை:
அப்படின்னா எழுத்துல கேளு. எழுதித் தரமாட்டாங்க, அசலையும் கேக்கமாட்டாங்க.

அண்ணி:
அத்தை, பாட்டியும் இந்த மாசம்தானே உங்க வீட்டுக்கு வர்றாங்க? ரெண்டு வார மாத்திரையாவது கையில இருக்கணும். புது டாக்டர் கிடைச்சு, அவர் எழுதித் தர்ற வரைக்கும் ஓடணும். இப்ப பாக்கற டாக்டர்கிட்ட ஒரு சுருக்கக் கடிதம் வாங்குங்க: என்ன நோய், என்ன மருந்து, எந்த அளவு, எதெல்லாம் ஒத்துக்காது. பழைய சீட்டுக் கட்டைப் புரட்ட யாருக்கும் நேரம் இருக்காது.
இன்சுலின் கைப்பையிலதான் வரணும், வண்டி டிக்கியில வேண்டாம். குளிர்ப்பையில வெச்சாலும் ஐஸ் பாக்கெட்டோட ஒட்டாம துணி சுத்துங்க. உறைஞ்சதுனா, உருகினப்புறம் பாக்க நல்லா இருந்தாலும் போடக் கூடாது.

அத்தை:
ரூம் தயார். பாத்ரூம்ல கைப்பிடியும் போட்டாச்சு.

அண்ணி:
கட்டிலை எப்படிப் போட்டிருக்கீங்க? பாட்டி இப்ப இடது பக்கமா இறங்கி, கால்மாட்டுப் பக்கம் நடந்து பாத்ரூம் போறாங்க. அங்கயும் அதே மாதிரி இருந்தா நல்லது. ராத்திரி அரைத்தூக்கத்துல கால் பழைய வழியைத்தான் தேடும். முதல் வாரத்துல அப்படி விழுந்துடக் கூடாது. மிதியடியை எடுத்துடுங்க, பாத்ரூம் வரைக்கும் தரையோட ஒட்டின மாதிரி சின்ன விளக்கு போடுங்க.

அத்தை:
இப்ப வலது பக்கம் இறங்கற மாதிரி இருக்கு. சாயங்காலம் திருப்பிப் போடறேன்.

அக்கா:
குழந்தையோட தடுப்பூசி அட்டை, ஸ்கூல் டி.சி. ரெண்டும் என் பையில வெச்சுட்டேன்.

அண்ணி:
ரெண்டையும் போட்டோவும் எடுத்து வை. அடுத்த ஊசி தேதியைப் போன் காலண்டர்ல போடு, மாறிப்போற மாசத்துலதான் அது தவறும்.

சித்தப்பா:
வாஷிங் மெஷினை மறந்துட்டேன். ஃப்ரண்ட் லோடுதானே மாப்பிள்ளை? டிரம் ஸ்பிரிங்குல தொங்குது. வாங்கும்போது பின்னாடி மூணு நாலு நீள போல்ட் இருந்திருக்கும், அதை மாட்டாம ஏத்தினா வழி முழுக்க டிரம் உடம்புல இடிச்சுக்கிட்டே வரும். கீழ முன்பக்கம் ஃபில்டர் மூடியைத் திறந்து தேங்கின தண்ணியை வடிச்சுடுங்க. அங்க போனதும் முதல் துவைப்புக்கு முன்னாடி போல்ட்டைக் கழட்ட மறந்துடாதீங்க, மறந்தா மெஷின் ரூமையே சுத்தி வரும்.

அத்தான்:
அந்த போல்ட் எங்க இருக்குனு தெரியலையே மாமா.

அம்மா:
பரண்ல நீலப் பையில பாருங்க மாப்பிள்ளை.

அத்தான்:
பாத்துட்டேன், அதுல டி.வி. ஸ்டாண்டுதான் இருக்கு.

சித்தப்பா:
பரவால்ல, சர்வீஸ்ல தனியாக் கிடைக்கும். மாடலுக்கு மாடல் நீளம் மாறும். கதவைத் திறந்தா ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும், மாடல் நம்பர் தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க.

அத்தான்:
கதவு திறக்கமாட்டேங்குது மாமா, துணி ஓடிட்டிருக்கு. இன்னும் 40 நிமிஷம் காட்டுது.